புடவில் தொங்கிய வௌவால்

(மாவட்ட அளவிலான அறிவியல் ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில், ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

மதிய உணவுக்குப் பிறகு பேச அழைத்திருக்கிறீர்கள். நாற்காலி கிடைக்காத சிலர் சுவரோரம் நிற்கிறீர்கள். வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு என்பார்கள். இன்றைய பேச்சும் வௌவாலைப் பற்றியது என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1986ஆம் ஆண்டு, மேகமலை அடிவாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். காலாண்டுத் தேர்வில் ஏழாம் வகுப்புக்கு ஒரு கேள்வி: "வௌவால் இருளில் எவ்வாறு வழியறிகிறது?" நான் எதிர்பார்த்த விடை: "வௌவாலுக்குக் கண் தெரியாது. அது ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழியறிகிறது." வகுப்பில் அப்படித்தான் எழுதிப் போட்டிருந்தேன். எஸ்டேட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன் வேறு மாதிரி எழுதியிருந்தான். "எங்க ஊர்ல புடவுல தொங்குற வௌவாலுக்குக் கண்ணு பெருசா இருக்கும். வால் இருக்காது. அது கண்ணால பார்த்துதான் பறக்கும்." சிவப்பு மையால் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். சுழியம். விடைத்தாளைக் கொடுத்தபோது அவன் எதிர்த்துப் பேசவில்லை. வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

புடவு என்றால் குகை. நம் மலையோரத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளி மாவட்டத்திலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பையன் எழுதியதில் முதல் பாதி முழுச் சரி. எதிரொலி கொண்டு வழியறிபவை பெரும்பாலும் பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். அவற்றுக்குக்கூடக் கண் உண்டு, பார்வையும் உண்டு. பழந்தின்னி வௌவால்கள் வேறு வகை. நாய் முகம், உருண்டு திரண்ட பெரிய கண்கள், கூர்மையான மோப்பம். மங்கிய ஒளியில் பார்த்தும், பழுத்த பழத்தின் வாசனையை முகர்ந்தும்தான் அவை மரத்தைத் தேடிப் போகின்றன. பழந்தின்னிகளிலும் குகையில் வாழும் ஒரு வகை நாக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பி வழியறியும். ஆனாலும் அதற்குக் கண் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நான் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, அந்தக் குழப்பத்துக்கு மதிப்பெண்ணும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இனி அதே மலையில் நடந்த இன்னொரு கதைக்கு வருகிறேன்.

சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வருகிற மேகமலையை வெள்ளைக்காரர் காலத்தில் ஹைவேவிஸ் மலை என்றார்கள். அங்கே ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் இருந்தார். தோட்ட வேலை போக மிச்ச நேரத்தில் பாம்பு, பறவை, விலங்கு என்று எல்லாவற்றையும் கவனித்துக் குறித்து வைப்பவர். 1948இல் அவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பாடம் செய்து, மும்பையில் இருக்கும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேரச் செய்தார். அங்கே அதற்குக் 'குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால்' என்று பெயர் எழுதி இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். குட்டைமூக்கு வௌவால் நம் ஊர் வாழைத் தோப்பிலும் பள்ளிக்கூட வளாகத்திலும் பார்க்கக் கிடைக்கிற சாதாரண வௌவால். பார்க்க அதுபோல இருந்தது, அதன் பெயரையே எழுதிவிட்டார்கள்.

இருபத்து நான்கு ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. பிறகு தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தொங்லோங்யா என்ற விலங்கியலாளர் அந்த மாதிரியை எடுத்து, வாயைப் பார்த்தார். குட்டைமூக்கு வௌவாலுக்கு மேல்தாடையில் நான்கு வெட்டுப்பற்கள், கீழ்த்தாடையில் நான்கு. இதற்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. குட்டைமூக்குக்குச் சிறியதாக ஒரு வால் உண்டு. இதற்கு வெளியே தெரியும்படி வாலே இல்லை. குட்டைமூக்கின் காதோரத்தில் ஓடும் வெளிறிய விளிம்பும் இதற்கு இல்லை. புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று 1972இல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். அந்தப் பேரினத்தில் இன்றுவரை இந்த ஒரே ஓர் இனம்தான். பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். அதனால் அது சலீம் அலி பழந்தின்னி வௌவால் ஆயிற்று.

பறவை மனிதரின் பெயர் வௌவாலுக்கு ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்டால் சலீம் அலியின் சிறுவயதுக் கதையைச் சொல்லுங்கள். மும்பையில் பத்து வயதையொட்டிய ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டுவிட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம். இது என்ன குருவி என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவனுடைய மாமா அவனை இதே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அதன் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயர். பெரிய பதவியில் இருந்தவர். அவர் சிறுவனை விரட்டவில்லை. குருவியை அடையாளம் சொன்னதோடு, இழுப்பறைகளைத் திறந்து அங்கிருந்த பறவை மாதிரிகளையும் காட்டினார். சலீம் அலி தன் வாழ்க்கை அங்கே திரும்பியது என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். மில்லார்டு ஆசிரியர் அல்லர். ஆனால் நான் சிவப்பு மையைத் தேடிய இடத்தில் அவர் இழுப்பறையைத் திறந்தார் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

பெயர் கிடைத்துவிட்டது, வௌவால் எங்கே? 1948க்குப் பிறகு அதை உயிருடன் பார்த்ததாகப் பதிவே இல்லை. அழிந்துபோயிருக்கலாம் என்றுகூட நினைத்தார்கள். 1993இல்தான் இங்கிலாந்து ஆய்வாளர்களும் நம் ஆய்வாளர்களும் சேர்ந்து அதே மேகமலையில் அதை மறுபடி கண்டார்கள். பிறகு களக்காடு முண்டந்துறைக் காட்டிலும், கேரளத்தின் பெரியாறு பகுதியிலும் தென்பட்டது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி மட்டும்தான் அதன் உலகம்.

என் மாணவன் விடை எழுதியது 1986இல் என்றேன். அவன் புடவில் பார்த்தது சலீம் அலி வௌவால்தானா? எனக்குத் தெரியாது. வாலில்லாத பழந்தின்னி வேறும் உண்டு, உதாரணமாக ஆலமரத்தில் கூட்டமாகத் தொங்கும் பெரிய வௌவால். ஆனால் அது புடவில் தங்குவதில்லை, மரத்தில்தான் தங்கும். "எந்தப் புடவுப்பா? எப்படி இருக்கும்? வரைஞ்சு காட்டு" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இந்த வௌவால் எப்படி வாழ்கிறது என்று இப்போது பார்ப்போம். பகலில் காட்டுக்குள் இருக்கும் குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் சிறு சிறு கூட்டமாகத் தொங்கும். பெரிய வௌவாலைப்போல நூற்றுக்கணக்கில் திறந்த மரத்தில் கூச்சலிடாது. இருட்டியதும் சோலைக்காட்டுக்குள் பழம் தேடிப் போகும். அத்தி வகைகள், காட்டு ருத்திராட்ச வகைகள், பாலி மரத்தின் பழம் போன்றவற்றைத் தின்னும்.

பழந்தின்னி தின்னும் விதத்தைப் பிள்ளைகளுக்கு நன்றாகச் சொல்ல வேண்டும். அது பழத்தைக் காய்த்த மரத்திலேயே உட்கார்ந்து தின்பது குறைவு. வாயில் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய்த் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மெல்லும். சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பும். பெரிய விதை அந்த மரத்தடியில் விழும். தாய்மரத்தின் நிழலிலேயே விழுந்த விதைகள் பல அங்கேயே முளைத்துச் சாகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். வௌவால் தூக்கிப்போன விதைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அத்தி விதை மாதிரிப் பொடி விதைகள் சாற்றோடு வயிற்றுக்குள் போய்விடும். வௌவாலின் குடல் வெகுவேகமாக வேலை செய்யும். அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும், அதுவும் பெரும்பாலும் பறந்துகொண்டிருக்கும்போதே. பறவைகள் அதிகமும் கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். அதனால் அவை போடும் விதை மரத்தடியில் விழும். வௌவால் போடும் விதை வெட்டவெளியிலும் விழும். மண் சரிந்த இடம், தோட்டம் கைவிட்ட சரிவு, மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த திட்டு, இங்கெல்லாம் காடு திரும்ப வருவதற்கு இரவில் பறக்கிற ஒன்று தேவைப்படுகிறது.

பூவுக்கும் இவை வேண்டும். நம் ஊர் இலுப்பை மரத்தின் பூ இரவில்தான் மணக்கும். அதன் இனிப்புக்கு வரும் வௌவால்தான் மகரந்தத்தையும் கொண்டுபோகிறது, பழுத்தபின் விதையையும் கொண்டுபோகிறது. கோயில் விளக்குக்கு இலுப்பை எண்ணெய் ஊற்றிய ஊர்களில் வௌவாலுக்கும் ஒரு பங்கு உண்டு. களக்காட்டு மழைக்காடுகளில் வெடிப்பலா பூக்கும் காலத்தில் சோலைமந்தி பகலில் வரும், வௌவால் இரவில் வரும்.

சரி, இவ்வளவு வேலை செய்யும் விலங்குக்குச் சட்டம் என்ன இடம் கொடுத்தது? 1972, அதாவது இதற்குப் பெயர் கிடைத்த அதே ஆண்டில்தான், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்களை எலி, சுண்டெலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர் அட்டவணையில் போட்டிருந்தார்கள். யாரும் கொல்லலாம், கேள்வி இல்லை. பிற்பாடு சலீம் அலி வௌவாலை மட்டும் புலி, யானை இருக்கும் முதல் அட்டவணைக்கு ஏற்றினார்கள். மற்ற பழந்தின்னிகள் தீங்குயிர் பட்டியலிலேயே இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ஆக, நம்மில் பெரும்பாலோர் பாடம் நடத்திய காலம் முழுதும் வௌவால் சட்டப்படி எலிக்குச் சமம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். தவறைப் புரிந்துகொண்ட பிறகு, நான் வகுப்பில் வௌவாலைப் பற்றி உற்சாகமாகப் பேச ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் ஒரு மாணவியின் அப்பா வந்து நின்றார். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். "ஏன் சார், வௌவாலைக் கொல்லக்கூடாதுன்னு பிள்ளைககிட்டச் சொன்னீங்களாமே. ராத்திரி வந்து கொத்துக் கொத்தாத் தின்னுட்டுப் போகுது. அதுக்கு யாரு சார் காசு குடுப்பா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். திராட்சை பழுக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் நட்டம் கண்ணுக்குத் தெரியும். "அண்ணே, காட்டு நன்மைக்காக நீங்க நட்டப்படுங்க" என்று ஓர் அரசு ஊழியர் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்வது எளிது. நான் அவரோடு தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்கு மேல் வலை தொங்கியது. பெரிய கண்ணி, தளர்வாகக் கட்டியது. வலையில் நான்கைந்து வௌவால்கள் சிக்கிக் காய்ந்து கிடந்தன, ஒரு ஆந்தையும். பழமும் போயிருந்தது, உயிரும் போயிருந்தது. கண்ணி சிறியதாகவும், வலை இழுத்துக் கட்டியதாகவும் இருந்தால் வௌவால் மோதித் திரும்பும், சிக்காது. பழுக்கும் சில வாரங்களுக்கு மட்டும் விரித்தால் போதும். அவர் மறு ஆண்டு வலையை மாற்றினார். செலவு அதிகம்தான் என்றார். வலைக்கு மானியம் கிடைத்தால் இன்னும் பலர் மாற்றுவார்கள் என்பது என் கருத்து. வேளாண் அலுவலர் யாராவது உங்கள் உறவில் இருந்தால் காதில் போட்டு வையுங்கள்.

அங்கே இறந்து கிடந்தவை குட்டைமூக்கு வௌவால்கள். சலீம் அலி வௌவால் காட்டைத் தாண்டித் தோட்டத்துக்கு வருவதாக நான் அறிந்ததில்லை. அதற்கு ஆபத்து வேறு பக்கமிருந்து. சோலை அழிந்து தேயிலையும் காப்பியும் ஏலமும் ஆன இடம் ஏற்கெனவே நிறைய. மிச்சமிருப்பது, தங்கும் குகைகள். ஒரு குகையில் கொஞ்சமே இருக்கும் விலங்குக்கு, ஒரே நாள் யாராவது உள்ளே நெருப்பு மூட்டினால் போதும், கூட்டமே போய்விடும். இன்னொன்று, வௌவால் கறி தின்றால் ஆஸ்துமா தீரும் என்ற நம்பிக்கை. இதை நான் எங்கேயோ படிக்கவில்லை; என் வகுப்பிலேயே இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் கொடுத்திருந்தார்கள். மூச்சு வாங்கும் பிள்ளைக்கு இன்ஹேலர் கொடுக்காமல் வௌவால் சூப் கொடுப்பது பிள்ளைக்கும் கேடு, வௌவாலுக்கும் கேடு. அறிவியல் ஆசிரியராக நாம் பெற்றோரிடம் தயங்காமல் சொல்ல வேண்டியது இது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு மருந்து இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நிபாவைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் அந்தக் காய்ச்சல் வந்தபோது, நம் எல்லையோர ஊர்களில் வௌவால் தொங்கும் மரங்களையே வெட்டவேண்டும் என்றார்கள். பெரிய வௌவாலிடம் அந்தக் கிருமி இருக்கிறது என்பது உண்மை. அதை மூடி மறைத்து, வௌவால் நல்லது, ஒன்றும் செய்யாது என்று பிள்ளைகளிடம் சொன்னால் நாம் இன்னொரு தவற்றைச் செய்கிறோம். அது கடித்துப் போட்ட பழத்தைத் தின்னக்கூடாது. கீழே விழுந்த வௌவாலைத் தொடக்கூடாது. திறந்து வைத்த பதநீர்க் கலயத்தில் வௌவால் வாய் வைத்திருக்கலாம். இவ்வளவும் சொல்லுங்கள். அதோடு, மரத்தை வெட்டி விரட்டினால் அவை இல்லாமல் போய்விடாது, பசியோடும் பதற்றத்தோடும் அடுத்த ஊருக்குப் போகும் என்பதையும் சொல்லுங்கள். பல தலைமுறையாக வௌவால் தொங்கும் மரத்தடியில் வாழ்ந்து, அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கு எட்டி நின்று பார்ப்பது எப்படி என்று தெரிந்திருக்கிறது.

வகுப்பில் என்ன செய்யலாம் என்று துவக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் காலையில் கேட்டார். பள்ளிக்கூடத்தில் நெட்டிலிங்கமோ பாதாமோ நின்றால் காலையில் அதனடியில் பாருங்கள். மென்று துப்பிய சக்கை உருண்டைகளும், தோல் உரிந்த கொட்டைகளும் கிடக்கும். கையால் எடுக்க வேண்டாம். குச்சியால் புரட்டிப் பார்க்கலாம், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். என்னென்ன விதை, அந்த விதையின் மரம் பள்ளிக்குள் இருக்கிறதா, இல்லையென்றால் ஊரில் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைத் தேட விடுங்கள். என் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஊர் வரைபடத்தில் கோடு போட்டு, வௌவால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அத்தியிலிருந்து வருகிறது என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுமில்லை. மலையடிவாரப் பள்ளியாக இருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள்: புடவுகளைப் பற்றிப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டாம். தெரிந்ததைக் கேட்டால் போதும். வனச்சரகருக்கு அந்தத் தாள் உதவும்.

இந்த மையத்தின் பின்பக்கம் மூன்று நெட்டிலிங்கம் நிற்கின்றன. நடு மரத்தில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இலைக்கொத்துகள் குடை மாதிரி மடிந்து தொங்குவதைக் காலையில் பார்த்தேன். ஆண் குட்டைமூக்கு வௌவால் உள்ளிருக்கும் காம்புகளையும் இலைகளையும் பல வாரம் கடித்துக் கடித்து அப்படி ஒரு கூடாரம் அமைக்கும். பெண்கள் வந்து தங்கும். இப்போது மணி ஐந்தரை. இன்னும் அரை மணி நேரத்தில் அவை கிளம்பும். தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். மரத்துக்கு நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள்.